கைத்தொலைபேசிக்குள் வங்கி வந்துவிட்டது, பொறுப்பு யாருடையது?

"நானா, இந்த ஒன்லைன் காசு விசயம் நல்லதா, கெட்டதா?" விசுவமடுச் சந்தியில் கடை வைத்திருக்கும் என்னிடம் மாதத்தில் நாலைந்து பேராவது இதைக் கேட்கிறார்கள். கேட்பவர்களில் மரக்கறிக்காரரும் உண்டு, உடையார்கட்டிலிருந்து நெல்லும் கச்சானும் கொண்டுவரும் விவசாயியும் உண்டு, கொழும்பிலிருந்து சாமான் இறக்கும் எம்மவர்களும் உண்டு. ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல இது. ஏனென்றால் ஒன்லைன் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறுவேறு சரக்குகள் கட்டப்பட்டிருக்கின்றன.

ஒன்று, பணம் அனுப்புவதும் பெறுவதும். இரண்டு, தொலைபேசியில் எடுக்கும் கடன். மூன்று, போட்ட பணம் பெருகும் என்று சொல்லிக் கேட்கப்படும் முதலீடு. மூன்றும் ஒரே திரையில்தான் தெரிகின்றன. ஆனால் மூன்றின் ஆபத்தும் ஒன்றல்ல, மூன்றுக்கும் உள்ள சட்டமும் ஒன்றல்ல. அரிசியையும் சீமெந்தையும் ஒரே தராசில் நிறுக்கலாம், ஒரே சாக்கில் போட முடியாது. ஆகவே இந்த வாரம் மூன்றையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது: கொடுக்கல் வாங்கல்

இதில் பயப்படுவதற்குக் குறைவாகவும் பயன்பெறுவதற்கு அதிகமாகவும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு கென்யாவில் சபாரிகொம் நிறுவனம் எம்-பெசா என்ற சேவையைத் தொடங்கியது. வங்கிக் கிளையே இல்லாத கிராமத்தவர்கள் சாதாரண கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தி மூலம் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். அந்நாட்டு மத்திய வங்கி அதைத் தடுக்கவில்லை. ஆனால் மக்களுடைய பணத்தைக் கம்பனியின் சொந்தப் பணத்துடன் கலக்காமல் வங்கியில் நம்பிக்கைக் கணக்கு ஒன்றில் வைத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. தொழிலும் வளர்ந்தது, மக்களின் பணமும் பத்திரமாக இருந்தது.

எமது நாட்டில் 2012ஆம் ஆண்டு டயலொக் நிறுவனம் ஈசி கேஷ் சேவையைத் தொடங்கியது. இதற்கு அடித்தளமாக 2005ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கொடுப்பனவு மற்றும் தீர்ப்பனவு முறைமைகள் சட்டம் ஏற்கனவே இருந்தது. 2015இல் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனடியாகப் பணம் மாற்றும் முறை வந்தது. பின்னர் எல்லா வங்கிகளுக்கும் பொதுவான லங்கா கியூ.ஆர். வந்தது. 2024 பெப்ரவரியில் இந்தியாவின் யூ.பி.ஐ. முறையும் இங்கு ஆரம்பித்து வைக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து வருபவர் தனது தொலைபேசியாலேயே எமது கடைகளில் பணம் செலுத்த முடிகிறது.

எம்மைப் போன்ற சிறு வியாபாரிக்கு இதில் பெரிய நன்மை இருக்கிறது. முன்பெல்லாம் கொழும்பு மொத்த வியாபாரிக்குக் காசு கொடுப்பதென்றால் பணத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு இரவு பஸ்ஸில் போக வேண்டும். அல்லது பரந்தனுக்கோ கிளிநொச்சிக்கோ போய் வங்கி வரிசையில் நின்று அரைநாள் வியாபாரத்தை இழக்க வேண்டும். இன்று கடைக் கல்லாவில் இருந்தபடியே அனுப்பலாம். அதைவிட, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் பதிவாகிறது. கடனையும் கணக்கையும் எழுதிக்கொள்ளுமாறு எமது மார்க்கம் வலியுறுத்துவதை நாம் அறிவோம். எழுதாமல் விட்ட கணக்கால் பிரிந்த கூட்டாளிகள் எத்தனை பேர்!

ஆபத்து இல்லையா? இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் முறையில் இல்லை, அதைப் பாவிக்கும் விதத்தில் இருக்கிறது. ஒருமுறை எனது கடைக்கு வான் ஒன்றில் வந்தவர் 18,500 ரூபாவுக்குச் சாமான் எடுத்தார். "காசு போட்டாச்சு முதலாளி, இந்தா பாருங்கோ" என்று வட்ஸ்அப்பில் ஒரு படத்தைக் காட்டினார். வங்கிப் பெயர், தொகை, எனது கணக்கிலக்கம் எல்லாம் அதில் இருந்தன. எனது தொலைபேசிக்கு வங்கிச் செய்தி வரவில்லை. "தம்பி, செய்தி வரட்டும், அதுவரைக்கும் தேத்தண்ணி குடியுங்கள்" என்றேன். தேத்தண்ணி வருமுன்னரே அவர் போய்விட்டார். சாமான் கடையிலேயே இருந்தது.

ஆகவே மூன்று விடயங்களைக் கடைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். படத்தைப் பார்த்துச் சாமான் கொடுக்காதீர்கள், உங்கள் கணக்கில் பணம் விழுந்ததைப் பார்த்துக் கொடுங்கள். ஓ.டி.பி. இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள், உங்கள் வங்கி ஒருபோதும் அதைத் தொலைபேசியில் கேட்காது. உங்கள் கியூ.ஆர். தாளின் மேல் வேறு தாளை யாராவது ஒட்டியிருக்கிறார்களா என்று காலையில் கடை திறக்கும்போதே பாருங்கள்.

இரண்டாவது: தொலைபேசிக் கடன்

இங்குதான் எமது பிரதேசத்தின் காயம் இருக்கிறது. யுத்தம் முடிந்து மக்கள் மீளக்குடியேறிய பின்னர், வங்கிகளுக்கு முந்திக்கொண்டு வன்னிக்குள் வந்தவை நுண்நிதிக் கடன் கம்பனிகள். மோட்டார் சைக்கிளில் வந்தார்கள், நகை கேட்கவில்லை, காணி உறுதி கேட்கவில்லை. நாலைந்து பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கொருவர் பிணை வைத்து வீட்டு வாசலிலேயே பணத்தைக் கொடுத்தார்கள். கணவரை இழந்து குடும்பத்தைச் சுமந்த பெண்களுக்கு அது பெரிய உதவியாகத் தெரிந்தது. பிறகு வாரத்தவணை கட்ட இன்னொரு கம்பனி, அதைக் கட்ட மூன்றாவது கம்பனி என்று கடன் பெருகியது.

2018ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, இந்தக் கடன் வட்டிகளையும் பெண்கள் படும் துன்பத்தையும் பகிரங்கமாக எடுத்துக் கூறினார். அதே ஆண்டில் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. நிதிக் கம்பனிகள் நுண்நிதிக் கடனுக்கு ஆண்டுக்கு 35 வீதத்துக்கு மேல் வட்டி அறவிடக்கூடாது என்று மத்திய வங்கி எல்லை போட்டது. இவையெல்லாம் மக்கள் மூழ்கிய பின்னர் வந்தவை.

சட்டம் இல்லாமலும் இருக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் இருந்தது. ஆனால் அது மக்களிடம் வைப்புப் பெறும் கம்பனிகளைப் பற்றியது. வைப்பே பெறாமல் தன் சொந்தப் பணத்தைக் கடன் கொடுப்பவர் அந்த வலைக்குள் வரவில்லை. இந்த ஓட்டையை அடைப்பதற்காகத் தனியான அதிகாரசபை ஒன்றை அமைக்கும் சட்டமூலம் பின்னர் கொண்டுவரப்பட்டது. அந்த ஓட்டை வழியாகத்தான் தொலைபேசிக் கடன் செயலிகளும் நுழைந்தன.

வட்டி எமக்கு ஆகாதது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெறும் வியாபாரக் கணக்காகவே பாருங்கள். உதாரணத்துக்கு, ஒரு செயலி 10,000 ரூபா கடன் தருகிறது. சேவைக் கட்டணம் என்று 1,500 ரூபாவைக் கழித்துக்கொண்டு 8,500 ரூபாவைக் கணக்கில் போடுகிறது. 14 நாளில் 10,000 ரூபாவைக் கட்ட வேண்டும். "வட்டி இல்லை, கட்டணம் மட்டும்தான்" என்று விளம்பரம் சொல்லும். 8,500 ரூபாவுக்கு இரண்டு கிழமையில் 1,500 ரூபா என்றால் 17 வீதத்துக்கு மேல். வருடத்துக்குப் பார்த்தால் 450 வீதத்தைத் தாண்டும். எங்களூர் மீற்றர் வட்டிக்காரர் கூட இதைக் கேட்டால் வெட்கப்படுவார். பலசரக்கில் பத்து வீதம் இலாபம் பார்க்கும் வியாபாரி எந்தச் சரக்கை விற்று இதைக் கட்டுவது?

இன்னொரு ஆபத்து, பணத்தை விடப் பெரியது. செயலியை இறக்கும்போது உங்கள் தொலைபேசியிலுள்ள பெயர்ப்பட்டியலைப் பார்க்க அது அனுமதி கேட்கிறது. அவசரத்தில் நாம் "சரி" என்று அழுத்திவிடுகிறோம். தவணை தவறினால் உங்கள் மாமனாருக்கும், பள்ளிவாசல் தலைவருக்கும், கொழும்பு மொத்த வியாபாரிக்கும் அழைப்புப் போகும். இந்தியாவில் இப்படி அவமானப்படுத்தப்பட்டவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட சம்பவங்கள் நடந்தன. அதன் பிறகே 2022இல் அந்நாட்டு ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடனுக்கு விதிகளைக் கொண்டுவந்தது. கடன் பணம் நேராக வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், மொத்தச் செலவை ஆண்டு வீதமாக முன்கூட்டியே காட்ட வேண்டும், தொலைபேசிப் பட்டியலைத் துழாவக்கூடாது என்பவை அவற்றுள் சில. வியாபாரிக்கு நம்பிக்கைதான் மூலதனம். அதை 8,500 ரூபாவுக்கு ஈடு வைக்கலாமா?

மூன்றாவது: பெருகும் பணம்

இதில்தான் ஆரவாரம் அதிகம். 2008 டிசம்பரில் கோல்டன் கீ கிரெடிட் கார்ட் கம்பனி விழுந்ததை மூத்த வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். செலிங்கோ குழுமத்தின் பெயர் பின்னால் இருந்தது. வங்கிகளை விட அதிக வட்டி கிடைத்தது. சுமார் 26 பில்லியன் ரூபா வைப்பு சிக்கியது. அது நிதிக் கம்பனியாக மத்திய வங்கியில் பதிவு செய்யப்படாமலே மக்களிடம் பணம் திரட்டிய நிறுவனம். படித்தவர்கள், டொக்டர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் எல்லோரும் ஏமாந்தவர்களில் இருந்தார்கள்.

அது கடன் அட்டைக் காலம். இன்று செயற்கை நுண்ணறிவுக் காலம், கிரிப்டோக் காலம். எம்.டி.எப்.ஈ. என்ற செயலி, கணினியே பங்குச்சந்தையில் வியாபாரம் செய்து தினமும் டொலர் சம்பாதித்துத் தரும் என்று சொல்லி இலங்கையிலும் பங்களாதேஷிலும் பரவியது. ஆள் சேர்த்தால் தரகு கிடைக்கும். 2023 ஓகஸ்டில் அது சரிந்தபோது பலருடைய கணக்கில் பணம் மறைந்தது மட்டுமல்ல, அவர்களே கம்பனிக்குக் கடன்பட்டவர்கள் என்று திரை காட்டியது. மத்திய வங்கி அதையும் ஒன்மெக்ஸ் டி.டி. போன்றவற்றையும் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. எமது நாட்டு வங்கித்தொழில் சட்டப்படி இத்தகைய திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, அதை ஊக்குவிப்பதும் குற்றம். நண்பரைச் சேர்த்துவிட்டுத் தரகு வாங்கியவரும் "எனக்கொன்றும் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது.

பெரிய நாட்டுக் கம்பனியென்றால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். எப்.டி.எக்ஸ். என்ற கிரிப்டோச் சந்தை 2022 நவம்பரில் சில நாட்களில் விழுந்தது. வாடிக்கையாளரின் பணத்தை எடுத்து வேறு வியாபாரத்தில் விட்டிருந்தார்கள். அதன் முதலாளி சாம் பேங்க்மன்-பிரைடுக்கு 2024இல் 25 வருடச் சிறை விதிக்கப்பட்டது. இலங்கை மத்திய வங்கியும் மெய்நிகர் நாணயம் பற்றி 2018 முதல் பலமுறை எச்சரித்தது. டெபிட், கிரெடிட் அட்டைகளால் அதை வாங்க அனுமதியில்லை என்று 2021இல் அறிவித்தது.

எம்மவர்களுக்கென்றே ஒரு பாடம் பெங்களூரில் நடந்தது. ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் 2006இல் தொடங்கப்பட்டது. "வட்டி இல்லை, ஹலாலான இலாபப் பங்கு" என்று சொல்லிப் பல்லாயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் பெற்றது. முதலீட்டாளரை வைப்பாளர் என்று சொல்லாமல் பங்காளி என்று பதிந்தார்கள். வைப்புப் பற்றிய சட்டம் தங்களைத் தொடாமலிருக்க அது ஒரு வழி. 2019 ஜூனில் அதன் தலைவர் மன்சூர் கான் ஒலிப்பதிவு ஒன்றை விட்டுவிட்டு நாட்டை விட்டுப் போனார். அடுத்த மாதம் டில்லியில் கைதானார். முறைப்பாடு செய்தவர்கள் மட்டும் 40,000 பேருக்கு மேல். மகளின் திருமணப் பணமும், ஹஜ்ஜுக்குச் சேர்த்த பணமும் அதற்குள் போயின. ஹலால் என்ற சொல் பெயர்ப்பலகையில் இருப்பது போதாது. இலாப நட்டப் பங்கென்றால் நட்டமும் வர வேண்டும். மாதம் தவறாமல் ஒரே அளவு இலாபம் வருகிறதென்றால், அது எந்த வியாபாரத்திலிருந்து வருகிறது என்று கேட்பது மார்க்கக் கடமையும்தான், வியாபாரக் கடமையும்தான்.

நேர்மை மட்டும் போதுமா?

இதுவரை சொன்னவற்றில் ஏமாற்றுக்காரர்கள் இருந்தார்கள். ஏமாற்றுக்காரர் இல்லாவிட்டால் பணம் பத்திரமா? இந்தக் கேள்விக்கு விசுவமடுவிலேயே பதில் இருக்கிறது.

1994இல் ஆரம்பிக்கப்பட்ட தமிழீழ வைப்பகம் வன்னியில் பல கிளைகளுடன் இயங்கியது. மக்கள் பணம் வைத்தார்கள், நகை ஈடு வைத்தார்கள். 2009இல் எல்லாம் முடிந்தது. கண்டெடுக்கப்பட்ட நகைகளில் ஒரு பகுதி 2014 ஒக்டோபரில் கிளிநொச்சியில் உரியவர்களிடம் கொடுக்கப்பட்டது. இராணுவத்திடம் இருந்த தங்கமும் வெள்ளியும் 2025 மே மாதத்தில்தான் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டன. இடையில் 16 வருடங்கள்.

எனது வாடிக்கையாளரான ஒரு அம்மா, தான் ஈடு வைத்த காப்புக்கான துண்டை இன்னும் பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறார். அவர் ஒருநாள் சொன்னார்: "எழுதின பிள்ளையள் சரியாத்தான் எழுதிச்சினம் நானா. ஒரு சதம் பிழைக்கேல்ல. ஆனா எல்லாம் போனாப் பிறகு ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

நிதித் தொழிலின் முழுப்பாடமும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. எழுதியவர் நேர்மையாக இருந்தாலும், அவருக்குப் பின்னால் இன்னொருவர் நிற்காவிட்டால் துண்டு வெறும் துண்டுதான். அதே இடப்பெயர்வில் அரச வங்கியில் பணம் வைத்திருந்தவருக்குப் புத்தகம் தொலைந்தாலும் கணக்கு வேறொரு இடத்தில் இருந்தது, கேட்பதற்கு ஒரு கதவும் இருந்தது. அரசியல் பேச இதை எழுதவில்லை. தொலைபேசித் திரையில் தெரியும் தொகையும் அந்த அம்மாவின் துண்டைப் போன்றதுதான். திரை அணைந்த பிறகு யாரிடம் போய்க் கேட்பது என்பதே கேள்வி.

சட்டம் எவ்வளவு தூரம் காக்கும்?

அனுமதிப்பத்திரம் இருந்தால் நூற்றுக்கு நூறு பாதுகாப்பு என்றும் எண்ணிவிட வேண்டாம். த பினான்ஸ் கம்பனி பழைய, பதிவுபெற்ற நிறுவனம். 2020 மே மாதத்தில் அதன் அனுமதிப்பத்திரம் இரத்துச் செய்யப்பட்டது. ஆனால் கோல்டன் கீ வைப்பாளருக்கும் இவர்களுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. 2010இல் தொடங்கிய வைப்புக் காப்புறுதித் திட்டம் இவர்களுக்குப் பின்னால் நின்றது. அன்று ஒருவருக்கு 6 இலட்சம் ரூபா வரை இழப்பீடு என்றிருந்தது, 2021இல் அது 11 இலட்சமாக உயர்த்தப்பட்டது. அந்த எல்லைக்குள் வைத்திருந்தவர் பிழைத்தார், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருந்தவர் மிச்சத்துக்காகக் காத்திருந்தார். அதிக வட்டிக்காகவோ இலாபத்துக்காகவோ ஒரே குளத்தில் எல்லா மீனையும் விடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதேநேரம் சட்டத்தை இறுக்கிக்கொண்டே போவதும் தீர்வல்ல. ஒரு சிறு கடைக்காரன் கியூ.ஆர். எடுக்கப் பத்துக் கடிதம் கேட்டால் அவன் மீண்டும் காசுக்கே திரும்புவான். கடன் வாங்க முறையான இடம் இல்லாவிட்டால் மீற்றர் வட்டிக்காரரிடம் போவான். சட்டம் கதவை மூடினால் மக்கள் யன்னலால் போவார்கள், யன்னலில் காவல்காரர் இல்லை. புதிய சேவைகளைச் சிறிய அளவில், கண்காணிப்பின் கீழ் பரீட்சித்துப் பார்க்கும் ஒழுங்கு ஒன்றை மத்திய வங்கி 2020இல் அறிமுகப்படுத்தியது. நல்ல யோசனை. ஆனால் கொழும்பில் பரீட்சிப்பது போதாது. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் உள்ள கடைக்காரனுக்கும் எச்சரிக்கை அவனுடைய மொழியில், நேரத்துக்கு வந்து சேர வேண்டும். பட்டியல் வெளிவரும்போது பணம் போய்விட்டதென்றால் அந்தப் பட்டியல் மரண அறிவித்தல்தான்.

ஆகவே, பணம் போடுமுன் ஐந்து கேள்விகள். மத்திய வங்கியின் அனுமதி பெற்றவர்கள் பட்டியலில் இந்தப் பெயர் இருக்கிறதா? கம்பனிப் பதிவு வேறு, நிதித் தொழில் அனுமதி வேறு என்பதை மறக்காதீர்கள். இலாபம் எந்தச் சரக்கிலிருந்து வருகிறது? ஆள் சேர்க்கச் சொல்கிறார்களா? இன்று கேட்டால் இன்றே முழுப் பணத்தையும் திருப்பி எடுக்க முடியுமா? கடைசியாக, இவர்கள் நாளை இல்லையென்றால் நான் எந்தக் கதவைத் தட்டுவது?

முதல் வகையைத் தயங்காமல் கற்றுக்கொள்ளுங்கள், பிள்ளைகளிடம் கேட்டாவது கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவதை விட்டுத் தூர நில்லுங்கள். அவசரமென்றால் மொத்த வியாபாரியிடம் தவணை கேளுங்கள், பள்ளிவாசல் நிதியிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ கேளுங்கள். அதில் வெட்கமில்லை. மூன்றாவதில் ஐந்து கேள்விக்கும் எழுத்தில் பதில் கிடைக்கும் வரை சட்டைப்பைக்குள் கையை விடாதீர்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லையென்றாலும், மற்ற நான்கும் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும், பணம் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.